கொடுத்த பின்னும் வருகிறார்களா? வன்னியில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான தொண்டுச் சேவைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

வன்னியில் இயங்கும் தொண்டு அமைப்புகளைப் பற்றி அவற்றை நடத்துவோர் எழுதுகிறார்கள். அவற்றுக்குப் பணம் அனுப்புவோரும் எழுதுகிறார்கள். அந்த உதவியைப் பெற்றுக்கொண்டு வாழும் வீட்டிலிருந்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் தம்பி 2009ஆம் ஆண்டு, போரின் கடைசி மாதங்களில், முதுகில் பாய்ந்த எறிகணைச் சிதறலால் இடுப்புக்குக் கீழே உணர்வையும் அசைவையும் இழந்தான். அம்மாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. நீரிழிவும் முழங்கால் வாதமும் உண்டு, ஒரு கண்ணில் வெண்புரை எடுத்து வில்லை வைத்தாகிவிட்டது, மற்றக் கண்ணுக்கு இன்னும் செய்யவில்லை. கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ-9 வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு குடியேற்றக் கிராமத்தில் நாங்கள் இருக்கிறோம். மீள்குடியேறிய காலம் முதல் எங்கள் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்த அமைப்புகள் பல. அவற்றில் சில தம்பியின் உயிரைக் காத்தன என்று நான் உறுதியாகச் சொல்வேன். வேறு சில, நல்ல மனத்துடன் வந்தும், எங்களுக்குத் துன்பத்தையே விட்டுச்சென்றன. குறை சொல்லும் இடங்களில் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன், ஏனெனில் அக்குறைகள் ஓர் அமைப்புக்கு மட்டும் உரியவையல்ல.

ஒரு சேவையை நான் மதிப்பிடும் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். கொடுக்கப்பட்ட பொருளின் விலையோ, அமைப்பின் பெயரோ, அதன் பின்னால் நிற்கும் நாடோ எனக்கு முக்கியமல்ல. பொருளைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் மீண்டும் வந்து, அது பயன்படுகிறதா, உடலை உறுத்துகிறதா, உடைந்துவிட்டதா என்று பார்க்கிறார்களா என்பதையே நான் பார்க்கிறேன். முதுமையும் உடற்குறைபாடும் ஒருநாளில் தீர்ந்துபோகும் துன்பங்கள் அல்ல. அவை ஆண்டுகளாகத் தொடர்பவை, ஆண்டுக்காண்டு மாறுபவை. அவற்றுக்கான உதவியும் தொடர்ந்து வருவதாக இருந்தால் மட்டுமே அதனை உதவி என்று என்னால் சொல்ல முடியும்.

சக்கர நாற்காலியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் வன்னியில் அதிகமாக வழங்கப்பட்டதும், மிகத் தவறாக வழங்கப்பட்டதும் அதுதான். தம்பிக்குக் கிடைத்த முதல் நாற்காலி ஒரு பொது மண்டபத்தில், பதாகையின் கீழே, வரிசையாக வைக்கப்பட்டிருந்த ஒரேமாதிரியான நாற்காலிகளில் ஒன்று. பளபளப்பான இரும்புக் குழாய்கள், மடிக்கக்கூடிய சட்டகம், தொங்கும் துணி இருக்கை, முன்னால் உள்ளங்கையளவு சிறிய கெட்டிச் சில்லுகள்: வைத்தியசாலையில் நோயாளியை ஒரு விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்குத் தள்ளிச்செல்வதற்கு ஏற்ற வகை அது. வழுவழுப்பான தரையில், யாரோ ஒருவர் தள்ள, கால் மணிநேரம் உட்கார்ந்து போவதற்கு அதில் குறையில்லை. ஆனால் தம்பி காலையிலிருந்து மாலைவரை அதில் உட்கார வேண்டியவன். அவன் போக வேண்டியது கிரவல் ஒழுங்கையில். மாரி காலத்தில் எங்கள் முற்றம் சேறாகும்போது அந்தச் சிறிய சில்லுகள் அச்சுவரை புதைந்து நின்றுவிடும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் மணலில் வாழும் குடும்பங்களுக்கு இதைவிடக் கடினம் என்று அங்குள்ள உறவினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அகலம் இன்னொரு பிரச்சினை. தம்பி மெலிந்த உடல். இருக்கையோ அவனுடைய இடுப்பைவிட ஒரு சாண் அகலம். அவன் ஒரு பக்கம் சாய்ந்தபடியே உட்கார்ந்தான், அந்தப் பக்கத்து இடுப்பெலும்பின் மேல் முழுப் பாரமும் இறங்கியது. மெத்தை கொடுக்கப்படவில்லை. உணர்வில்லாத உடலில் இரத்த ஓட்டம் நின்றுபோவதை உடம்பு தானாகச் சொல்லாது. நமக்கு ஓரிடம் நொந்தால் நாம் அறியாமலே அசைந்து உட்காருகிறோம், அவனுக்கு அந்த எச்சரிக்கை வருவதில்லை. முதலில் ஒரு சிவப்பு, பிறகு தோல் உரிதல், பிறகு எலும்புவரை இறங்கிய படுக்கைப்புண். குப்புறப் படுத்தபடி அவன் கழித்த மாதங்களை நான் இங்கே விரித்து எழுத விரும்பவில்லை. படுக்கைப்புண்ணிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்தால் மரணம்வரை போகும் என்பதை முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களின் வீடுகள் எல்லாம் அறிந்திருக்கின்றன. அந்த நாற்காலியைக் கொடுத்தவர்களுக்குத் தம்பியின் புண் பற்றித் தெரியாது. அவர்கள் திரும்பி வரவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டு, வசதி குறைந்த இடங்களில் சக்கர நாற்காலி வழங்குவதற்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதில் சொல்லப்படும் படிகள் 8: தேவையுள்ளவரைப் பரிந்துரைத்து அனுப்புதல், அவரது உடலையும் வாழிடத்தையும் மதிப்பிடுதல், ஏற்ற நாற்காலியைத் தீர்மானித்தல், நிதி பெற்றுக் கொள்வனவு செய்தல், நாற்காலியை ஆயத்தம் செய்தல், உட்காரவைத்துப் பொருத்திப் பார்த்தல், பயன்படுத்தப் பயிற்சி அளித்தல், பின்னர் தொடர்ந்து வந்து பார்த்துப் பழுதுபார்த்தல். பொது மண்டபத்தில் நடந்தவை இந்த எட்டில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், கொள்வனவு ஒன்றுதான் முழுமையாக நடந்திருக்கிறது.

இரண்டாவது நாற்காலி எங்கள் பிரதேசத்திலேயே இயங்கும் ஒரு சிறிய அமைப்பின் மூலம் வந்தது. அவர்களுடைய பெயரையும் நான் எழுதவில்லை, காரணம் வேறு: வெளிப்பணிக்கு இருவரே இருக்கிறார்கள், அவர்களால் பார்க்க முடிந்ததைவிட அதிகமான வீடுகள் ஏற்கெனவே பட்டியலில் இருக்கின்றன. அவர்கள் முதல் தடவை வந்தபோது நாற்காலி கொண்டுவரவில்லை, அளவுநாடாதான் கொண்டுவந்தார்கள். இடுப்பின் அகலம், இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை தொடையின் நீளம், முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால்வரை காலின் நீளம், முதுகுச் சாய்வு எவ்வளவு உயரம் வர வேண்டும் என எல்லாவற்றையும் அளந்து எழுதினார்கள். அதன்பிறகு எங்கள் அறைக் கதவின் அகலத்தையும், வீட்டுப் படியின் உயரத்தையும், மலசலகூடத்துக்குப் போகும் வழியையும் அளந்தார்கள். மலசலகூடத்தின் கதவு குறுகலாக இருப்பதை அன்றுதான் யாரோ ஒருவர் குறித்து எழுதிக்கொண்டு போனார். கதவை அகலமாக்கிச் சிறியதொரு சாய்தளமும் கட்டிய பின்னரே நாற்காலி வந்தது. அந்த வரிசையில் ஒரு மரியாதை இருந்தது. அவன் எங்கெல்லாம் போக விரும்புவான் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள் என்பதை அந்த வேலையின் ஒழுங்கே எங்களுக்குச் சொன்னது.

வந்த நாற்காலி மூன்று சில்லு வகை. முன்னால் ஒரு சில்லு, சட்டகத்தை நீட்டி எட்டத்தில் பொருத்தப்பட்டிருப்பதால் பள்ளத்தில் தலைகுப்புற விழாமல் போகிறது. பின் சில்லுகளுக்கு எங்கள் சந்தியிலுள்ள துவிச்சக்கர வண்டிக் கடையில் கிடைக்கும் ரயரும் ரியூபும் பொருந்துகின்றன. இது சிறிய விடயம் போலத் தோன்றலாம். முதல் நாற்காலியின் சில்லு தேய்ந்தபோது அதற்குரிய உதிரிப்பாகம் கிளிநொச்சியிலும் இல்லை, வவுனியாவிலும் இல்லை. நாற்காலி வீட்டுக் கோடிக்குள் போய்ச் சேர்ந்தது, தம்பி கட்டிலுக்குப் போனான். உள்ளூரில் பழுதுபார்க்க முடியாத ஒரு பொருளை இங்கே யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குறை ஒன்றும் சொல்ல வேண்டும்: இந்த நாற்காலி நீளமானது, முச்சக்கர வண்டிக்குள் ஏறாது. வைத்தியசாலைக்குப் போகும் நாளில் சிறிய லொறி பிடிக்க வேண்டியிருக்கிறது. அதன் கூலி எங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சுமை. மடிக்கக்கூடிய, ஆனால் அவனுடைய அளவுக்கேற்ற இரண்டாவது நாற்காலி ஒன்று பயணத்துக்கென்று கிடைத்தால் நல்லது என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

நாற்காலியைவிடப் பெரியது இதே அமைப்பின் வீட்டு வருகைச் சேவை. தாதிப் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணும், இயன்மருத்துவரின் வழிகாட்டலில் வேலை செய்யும் ஓர் இளைஞரும் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய, சிறுநீரை வெளியேற்றும் சலக்குழாயைக் கைகழுவிக் கையுறை அணிந்து மாற்றுவது, புண் கழுவிக் கட்டுவது, கால் மூட்டுகள் இறுகிப்போகாமல் அசைத்துக் கொடுப்பது ஆகியவை அவர்கள் செய்யும் வேலைகள். ஆனால் நான் அதிகம் மதிப்பது, அவர்கள் செய்யாமல் எங்களைச் செய்யவைத்த வேலைகளை. உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கிப் பிடிக்கத் தம்பியைப் பழக்கினார்கள். நீண்ட கைப்பிடி வைத்த முகக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, காலையும் மாலையும் தன் பின்புறத்தையும் குதிகால்களையும் தானே பார்க்கப் பழக்கினார்கள். "தம்பி, நாங்கள் மாதத்திலை ஒருக்கா வாற ஆக்கள், நீங்கள்தான் நெடுகவும் இருக்கிற ஆள், நீங்களே பாருங்கோ" என்று அந்தப் பெண் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது அது வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால், அன்று முழுவதும் அந்த இடத்தில் பாரம் படவே கூடாது என்பதை நாங்கள் அப்போதுதான் கற்றோம். அதற்குப் பிறகு தம்பிக்குப் பெரிய புண் வரவில்லை.

அதே வருகையில் அவர்கள் அம்மாவையும் பார்ப்பார்கள். இது அவர்களுடைய திட்டத்தில் எழுதப்பட்டிருந்ததா என்று நான் கேட்டதில்லை. ஒரு வீட்டில் இருவர் இருக்கும்போது ஒருவரை மட்டும் பார்த்துவிட்டுப் போக அவர்களால் முடியவில்லை என்றே நினைக்கிறேன். "அம்மா, குளிசை ஒழுங்காப் போடுறியளோ?" என்று கேட்டுவிட்டு, பதிலோடு நிறுத்தாமல், பெட்டியைத் திறந்து எத்தனை மீதியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். நீரிழிவுக்காரரின் பாதத்தில் சிறு கீறல் விரலை வெட்டியெடுக்கும் நிலைவரை போகலாம் என்பதால், விரலிடுக்குகளை வெளிச்சத்தில் பார்ப்பார்கள். செருப்பில்லாமல் முற்றத்தில் நடப்பதை அம்மா நிறுத்தியது என் சொல்லால் அல்ல, அவர்களுடைய சொல்லால். தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளில் இந்த வருகையின் பொருள் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் இறந்து, ஒருவர் காணாமற்போய், ஒருவர் வெளிநாட்டில் இருக்க, பேசுவதற்கு ஆளில்லாத முதியவர்கள் எங்கள் கிராமத்திலேயே இருக்கிறார்கள். மாதத்தில் அவர்களுடைய கையைப் பிடித்து நாடி பார்க்கும் ஒரே மனிதர் அந்தப் பெண்தான்.

இந்தச் சேவையின் பலவீனம் அதன் பணத்தில் இருக்கிறது. அவர்களுக்கு முன்னர் எங்கள் வீட்டுக்கு வந்த வேறோர் அமைப்பும் நன்றாகவே வேலை செய்தது. ஒருநாள், செயற்றிட்டக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி, மீதியிருந்த பஞ்சையும் துணியையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய பதிவேட்டில் தம்பியின் சிறுநீர்த் தொற்றுகள், கொடுத்த மருந்துகள், புண்ணின் அளவு எல்லாம் தேதிவாரியாக இருந்தன. அந்தப் பதிவு வைத்தியசாலைக்கும் போகவில்லை, எங்களுக்கும் தரப்படவில்லை. அடுத்த அமைப்பு வந்தபோது எல்லாவற்றையும் நினைவிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. நிதி முடிவது அவர்களுடைய குற்றமன்று. ஆனால் முடியப்போகும் நாள் தொடக்கத்திலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். முன்கூட்டிச் சொல்லி, நோயாளியின் குறிப்புகளை ஒப்படைத்து, அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று காட்டிவிட்டுப் போவது எந்தத் திட்டத்துக்கும் முடியக்கூடிய கடமை.

மாங்குளத்தில் இருக்கும் உயிரிழை அமைப்பு இவற்றிலிருந்து வேறுபட்டது. முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களே ஒன்றுசேர்ந்த அமைப்பு என்பதுதான் அதன் பலம். வைத்தியரிடமும் தாதியிடமும் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை, மலம் கழிக்கும் நேரத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது, திருமணம் செய்ய முடியுமா, இரவில் வரும் கால் இழுப்பை எப்படித் தாங்குவது போன்றவற்றை, அதே நாற்காலியில் இருக்கும் இன்னொருவரிடம் ஒரு மனிதர் கேட்பார். தம்பி பல ஆண்டுகள் தன் நிலையில் தான் ஒருவன் மட்டுமே இருப்பதாக எண்ணி வீட்டுக்குள் இருந்தான். தன்னைப் போன்றவர்கள் கூடிப் பேசும் இடம் ஒன்று வன்னிக்குள்ளேயே இருக்கிறது என்று அறிந்தது அவனுக்கு மருந்தைப் போல வேலை செய்தது. வெளியிலிருந்து வரும் எந்த அமைப்பும், எவ்வளவு பயிற்சி பெற்றிருந்தாலும், அதைக் கொடுத்துவிட முடியாது.

செயற்கைக்கால் பற்றியும் சொல்ல வேண்டும், வன்னியில் கால் இழந்த ஒருவர்கூட இல்லாத உறவுக் கூட்டம் அரிது. போர்க்காலத்தில் கிளிநொச்சியில் வெண்புறா நிறுவனம் செயற்கைக்கால்களைச் செய்துகொடுத்ததை மூத்தவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். போர் முடிந்த பின், 2010ஆம் ஆண்டு, இந்திய அரசின் உதவியுடன் போரில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் ஜெய்ப்பூர்க் கால் பொருத்தும் முகாம் நடத்தப்பட்டது. ஜெய்ப்பூர்க் கால் 1960களின் இறுதியில் இந்தியாவில் உருவாக்கப்பட்டது. செருப்பின்றி நடக்கலாம், ஈரத்தில் மிதிக்கலாம், குந்தியிருக்கலாம் என்பதால் வயலில் இறங்க வேண்டிய நம்மவர்களுக்கு அது பொருந்தியது. அம்முகாமில் கால் பெற்றுத் தன் காலில் ஊன்றி நின்ற என் மச்சானின் மகிழ்ச்சியை நான் நேரில் கண்டவள். ஆனால் ஒரு செயற்கைக்கால் வளர்ந்தவருக்கு ஏறத்தாழ 3 முதல் 5 ஆண்டுகளே உழைக்கும். வெட்டப்பட்ட தொடையோ முழங்காற் கீழ்ப்பகுதியோ முதல் ஆண்டிலேயே வற்றிச் சுருங்குவதால், அது பொருந்தியிருக்கும் கிண்ணப் பகுதி தளர்ந்துவிடும். வளரும் பிள்ளைக்கு இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஆகவே முகாம் நடத்திக் கொடுக்கும் காலைவிட, நிலையாக ஓரிடத்தில் திறந்திருக்கும் பட்டறை முக்கியம்.

அப்படிப்பட்ட பட்டறையாக வடக்கில் நெடுங்காலம் நிற்பது யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம். 1987ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்நிலையம், போர், இடப்பெயர்வு, பாதை மூடல் எல்லாவற்றையும் கடந்து இன்றும் கால் செய்கிறது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் தொழில்நுட்ப உதவியும் அதற்கு நீண்ட காலம் இருந்தது. மச்சானுடைய இரண்டாவது காலும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும் அங்கேதான். கால் தளர்ந்தால் எங்கே போவது என்ற கேள்விக்கு அவருக்கு ஒரு விடை இருக்கிறது, அதுவே பெரிது. வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு உள்ள சிரமம் தூரம்தான். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ ஒரு கூலித்தொழிலாளி ஒருநாள் வருமானத்தை விட்டு, துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு, பஸ் மாறி யாழ்ப்பாணம் போய்த் திரும்புவது எளிதன்று. காலுக்குச் செலவில்லை என்றாலும் பயணத்துக்குச் செலவுண்டு. அந்தப் பயணச் செலவை மட்டும் பொறுப்பேற்கும் ஒரு சிறிய நிதி வன்னியின் ஒவ்வொரு பிரதேசத்திலும் இருந்தால், கோடிக்குள் கிடக்கும் தளர்ந்த கால்கள் பல திருத்தப்பட்டுவிடும்.

அரச கொடுப்பனவுகளைப் பெற்றுத்தருவதும் தொண்டுச் சேவைதான்; அதைச் செய்யும் அமைப்புகள் மிகக் குறைவு என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகவும், வருமானம் குறைந்த முதியோருக்கானது 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. நாளுக்கு இரண்டு என்று வைத்தாலும் மாதத்துக்கு 60 பம்பஸ் தேவைப்படும் ஒரு வீட்டுக்கு இது போதாது. ஆனால் மாதம் தவறாமல் வருவது. ஓர் உலர் உணவுப் பொதி ஒரு கிழமையில் முடிந்துவிடும், இந்தக் கொடுப்பனவு ஆள் உயிரோடு இருக்கும்வரை வரும். அதைப் பெறுவதற்கு விண்ணப்பம், வைத்தியச் சான்றிதழ், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், வங்கிக் கணக்கு என்று படிகள் உள்ளன. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் இடப்பெயர்வில் இழந்த முதியவருக்கு ஒவ்வொரு படியும் ஒரு மதில். நான் குறிப்பிட்ட சிறிய அமைப்பு, எங்கள் ஒழுங்கையிலிருக்கும் ஒரு மூதாட்டியை மூன்று அலுவலகங்களுக்கு முச்சக்கர வண்டியில் கூட்டிச்சென்று பத்திரங்களை எடுத்துக் கொடுத்தது. படம் எடுக்க ஏதுமில்லாத வேலை அது. எனக்குத் தெரிந்த தொண்டுகளில் மிகச் சிறந்த ஒன்று அதுவே.

சட்டங்களும் இருக்கின்றன. உடற்குறைபாடு உடையோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், முதியோர் உரிமைகளுக்காக 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் நுழையக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு வந்த ஒழுங்குவிதிகள். இலங்கை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் ஏற்று உறுதிசெய்தது. பிள்ளைகள் பராமரிக்கத் தவறினால் முதியவர் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம் என்கிறது 2000ஆம் ஆண்டுச் சட்டம். முறையிடுவதற்குப் பிள்ளைகளே மிஞ்சாத முதியவர்களின் நிலம் இது. அதனால்தான் இங்கே தொண்டு அமைப்புகளின் பொறுப்பு மற்ற மாவட்டங்களைவிடக் கனமானது என்று கருதுகிறேன்.

முதியோர் இல்லங்களைப் பற்றி என் பெரியம்மா தங்கியிருக்கும் இல்லத்தைக் கண்டு சிலவற்றைச் சொல்ல முடியும். இடம் சுத்தமானது, பராமரிப்போர் பொறுமையானவர்கள். புலம்பெயர்ந்த உறவுகள் பிறந்தநாளுக்கும் திருமணநாளுக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் அங்கே ஒருநேர உணவு கொடுக்கிறார்கள். அது நம் மரபில் வந்த நல்ல வழக்கம், முதியவர்களும் அந்த நாள்களை விரும்புகிறார்கள். ஆயினும் மதிய உணவுக்குப் பணம் கிடைக்கும் அளவுக்கு, இரவில் விழித்திருந்து ஒருவரைக் கழிப்பறைக்குக் கூட்டிச்செல்லும் பணியாளரின் சம்பளத்துக்குப் பணம் கிடைப்பதில்லை. முதியவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிவது பெரும்பாலும் அந்த இரவுப் பயணத்தில்தான். வடையும் பாயாசமும் கொடுப்பவரிடம், ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் பணத்தை இரவுப் பணியாளருக்கும், சுவரில் பிடித்து நடக்கும் கம்பிக்கும், பம்பசுக்கும் கொடுங்கள் என்று இல்லத்தின் பொறுப்பாளர் தயங்காமல் கேட்க வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள் என்றே நம்புகிறேன்.

படம் எடுப்பது பற்றி ஒன்று. உதவி சரியாகப் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று பணம் அனுப்புவோர் கேட்பது நியாயமே. ஆனால் தம்பியின் புண்ணைப் படம் எடுத்து, முகமும் ஊரும் தெரிய, முகநூலில் இட்ட அமைப்பொன்றும் உண்டு. அவனுடைய பள்ளித் தோழர்கள் அதைப் பார்த்தார்கள். ஒப்பம் பெற்ற பற்றுச்சீட்டும், கணக்காய்வு செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கும் ஆதாரமாகப் போதும். படம்தான் வேண்டுமென்றால், கேட்டு எடுக்க வேண்டும், மறுத்தால் உதவியை நிறுத்தக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து கொடுக்க விரும்புவோர் என்னிடம் ஆலோசனை கேட்டால், முதலில் அந்த அமைப்பு, தொண்டு அமைப்புகளைப் பதிவுசெய்யும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின்கீழோ வேறு சட்டத்தின்கீழோ பதிவு பெற்றிருக்கிறதா, வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். பிறகு, கடந்த ஆண்டு கொடுத்த பொருள்களில் எத்தனையை இவ்வாண்டு போய்ப் பார்த்தீர்கள் என்று கேட்கச் சொல்வேன். விடை தெளிவாக வந்தால் பணத்தை நம்பிக் கொடுக்கலாம்; அதையும் புதிய நாற்காலி வாங்குவதற்கென்று கட்டிவைக்காமல், பணியாளரின் சம்பளத்துக்கும் மோட்டார் சைக்கிள் பெற்றோலுக்கும் ரியூபுக்கும் மெத்தைக்கும் செலவிட அனுமதித்துக் கொடுப்பதே எங்களைப் போன்ற வீடுகளுக்கு அதிகம் பயன்படும்.

இத்தனை ஆண்டுகளில் எங்கள் வீட்டுக்கு வந்த எந்த அமைப்பும், மிக நல்லதும்கூட, கேட்காத ஒன்று உண்டு. பராமரிக்கும் ஆள் யார், அவருக்கு என்ன வேண்டும் என்பதே அது. வன்னியில் முதியவரையும் படுக்கையில் இருப்பவரையும் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரு பெண்: மனைவி, மகள், அக்கா. எனக்கும் உயர் குருதியமுக்கம் இருக்கிறது. தம்பியைத் தூக்கித் தூக்கி இடுப்பு நோகிறது. நான் கிளினிக்குக்குப் போகும் நாளில் வீட்டில் இருவரையும் பார்க்க ஆளில்லாததால் போகாமல் விட்ட நாள்கள் பல. தம்பியைத் திருப்பிப் படுக்கவைக்கவும், சலப்பையை வெறுமையாக்கவும், அம்மாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடும் குளிசையும் கொடுக்கவும் தெரிந்த ஒருவர், முன்கூட்டிச் சொன்ன நாளில் வந்து மாலைவரை வீட்டில் நின்றால் போதும். அப்படியொரு சேவையை எந்த அமைப்பாவது தொடங்க எண்ணினால், எங்கள் வீட்டுக்கு எந்த நாள்களில் ஆள் வேண்டும் என்பதை இன்றே சொல்லிவிடுவேன்: மாதத்தில் என் கிளினிக் நாள் ஒன்று, பெரும்போக நெல் வெட்டும் மாசி மாதத்தில் ஒரு கிழமை.